மூங்கில் விமானமும் உன் பேரனின் கேள்வியும்

அன்புள்ள சேகர்,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. சின்னவன் வீட்டு விசேஷம், அப்புறம் என் கண் பரிசோதனை என்று பதில் எழுதுவது தள்ளிக்கொண்டே போனது. கண்ணில் புரைதான். வலது கண்ணுக்குப் பொங்கல் கழித்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். நீ லேத் பட்டறையை விற்கப் போவதாக எழுதியிருந்தாய். அதில் அவசரப்படாதே, நேரில் பேசலாம்.

இப்போது உன் பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் விமானத்தில் பறந்தது ரைட் சகோதரர்களா, பிரேசில்காரர் சான்டோஸ் டூமானா? எனக்குச் சந்தேகமில்லை, ரைட் சகோதரர்கள்தான். 1903 டிசம்பர் 17 அன்று பறந்தார்கள். 1905-க்குள் ஒரே பயணத்தில் 39 கிலோமீட்டர் வரை சுற்றிவிட்டார்கள். ஆனால் காப்புரிமையும் விற்பனை ஒப்பந்தமும் கைக்கு வரும் வரை இயந்திரத்தை ஊருக்குக் காட்டவில்லை. ஐரோப்பாவில் பலர் நம்பாததற்கு அதுதான் காரணம். ஆல்பர்ட்டோ சான்டோஸ் டூமான் 1906-ல் பாரிஸில் ஊரே பார்க்க, சொந்தச் சக்கரத்தில் ஓடி மேலே எழுந்தார். பிரேசில்காரர்கள் இன்றும் விடாமல் வாதாடுவது இதை வைத்துத்தான். வாதாடட்டும். எனக்கு அந்தச் சண்டையைவிட அவர் செய்த இயந்திரங்கள்தான் சுவாரசியம்.

மனிதர் காப்பித் தோட்ட முதலாளியின் மகன். தோட்டத்து ரயில் இன்ஜினைச் சிறுவயதிலேயே ஓட்டிப் பழகியவர். பாரிஸுக்கு வந்து, நீளமான வாயுப்பையின் கீழ் பெட்ரோல் இன்ஜினைத் தொங்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வான்கப்பல்கள் கட்டினார். ஐந்தாவது ஒரு ஹோட்டல் கூரையில் மோதிக் கிழிந்தது. ஆறாவது 1901 அக்டோபரில் ஈபிள் கோபுரத்தைச் சுற்றிவந்து பெரும் பரிசை வென்றது. அந்தப் பணத்தைத் தன் ஆட்களுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

1906-ல் அவர் செய்த விமானம் 14-பிஸ். பதினான்காம் வான்கப்பலில் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்ததால் இந்தப் பெயர். பிஸ் என்றால் பிரெஞ்சில் 'மறுபடியும்'. சாய்வாகக் கட்டிய கம்பியில் மாட்டி, கழுதையை வைத்து இழுத்தும் பார்த்தார்கள்! படத்தைப் பார்த்தால் முன்னும் பின்னும் மாறிப்போனது போல இருக்கும். பெட்டிப் பட்டம் போன்ற இறக்கைகள் பின்னால், திருப்பும் பெட்டி முன்னால் நீட்டிய மூக்கில், இன்ஜின் கடைசியில். ஓட்டுபவர் ஒரு பிரம்புக் கூடையில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். அக்டோபர் 23 அன்று சுமார் 60 மீட்டர் பறந்தது. நவம்பர் 12 அன்று 220 மீட்டர், 21 விநாடிச் சொச்சத்தில். இரண்டாவது முறை இறக்கைகளுக்கு நடுவே எண்கோணப் பலகைகளைச் சேர்த்து, அவற்றின் கம்பிகளைத் தன் மேல்கோட்டோடு இணைத்திருந்தார். உடம்பைச் சாய்த்தால் விமானம் நிமிர வேண்டும் என்பது திட்டம். கையிரண்டும் வேறு வேலையில் இருக்கும்போது தோளுக்கு வேலை கொடுத்தது கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் அந்த வடிவமைப்பை என்னால் பெரிதாகப் பாராட்ட முடியவில்லை. அதிலிருந்து மேலே போக வழியில்லை. அவரும் அதைத் தொடரவில்லை. 1907 ஏப்ரலில் அது உடைந்தபோது சரி என்று விட்டுவிட்டார்.

நீ பார்க்க வேண்டியது அவர் பிறகு கட்டிய டெமோய்செல் என்ற குட்டி விமானம். 1907 கடைசியில் முதல் வடிவம் வந்தது, 1909-ல் தேறிய வடிவம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 5 மீட்டர் சொச்சம், எடை சுமார் 110 கிலோ, இன்ஜினில் எதிரெதிராக இரண்டே சிலிண்டர். உடல் முழுக்க மூங்கில்! மூன்று நீண்ட மூங்கில்கள், மூட்டுகளில் உலோகக் குழல், இறக்கையில் பட்டுத் துணி. வாலில் நிமிர்ந்த பலகையும் படுத்த பலகையும் ஒரே சிலுவையாக, எல்லாப் பக்கமும் திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட்டில் நிற்கும். அதை ஆட்டினால் மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாத் திருப்பமும் கிடைக்கும். விமானம் ஒரு பக்கம் சாயாமல் நிமிர்த்த இறக்கையை முறுக்கும் நெம்புகோல் ஓட்டுபவரின் கோட்டு முதுகில் தைத்த பைக்குள் போகும். இன்ஜின் தலைக்கு மேல், ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கு நடுவே, தரைக்கு ஒட்டி. இடறினால் முதல் அடி காலுக்குத்தான். காரில் கட்டி எடுத்துப் போகக்கூடிய அளவு. டூமான் ரொம்பச் சின்ன உடம்புக்காரர், தன் அளவுக்குச் சட்டை தைத்துக்கொண்டதைப்போல விமானத்தைக் கட்டிக்கொண்டார். கனத்த ஆள் ஏறினால் அது என்ன பாடுபட்டிருக்கும்!

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து நடந்தது. ரைட் சகோதரர்கள் இறக்கையை முறுக்கும் உரிமைக்காக வழக்கு மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இவர் டெமோய்செல்லுக்குக் காப்புரிமையே கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை செய்முறைப் படங்களோடு அதை வெளியிட்டது. கிளெமான்-பயார் என்ற பிரெஞ்சு கார் நிறுவனம் விற்பனைக்கே கட்டியது. அதே ஆண்டு உடல்நலம் கெட்டுப் பறப்பதை விட்டுவிட்டார். 1932-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதைப் பேரனிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

இனி உன்னிடம் ஒரு கேள்வி. மூங்கில் காய்ந்தால் சுருங்கும், குழல் சுருங்காது. இன்ஜின் அதிர்வில் மூட்டு தளராமல் இருக்க நீயாக இருந்தால் என்ன செய்வாய்? குழலை இறுக்கிக் கட்டுவாயா, உள்ளே ஆப்பு அடிப்பாயா? ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும் என்பது எனக்கே தெரியும், அதை எழுதிவிடாதே. ஒரு தாளில் வரைந்து அனுப்பு. கண் அறுவைக்கு முன்னால் வந்தால் நல்லது.

அன்புடன்,
முத்து