எருசலேமுக்குப் பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வேதாகம அகராதிகளையும் ஓய்வுநாள் பள்ளிப் பாடநூல்களையும் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எருசலேம் என்ற பெயருக்கு நேரே ‘சமாதான நகரம்’ என்று இரண்டே சொல்லில் எழுதி முடிக்கும் வழக்கத்தை அடுத்த பதிப்பிலாவது விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இம்மடல். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், வேதாகம வினாடிவினாவில் அதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தப் பொருளின் இரண்டு பாதிகளுமே நிற்கவில்லை.

முதல் பாதியைப் பாருங்கள். எபிரெயத்தில் நகரத்துக்கு ‘ஈர்’ என்று பெயர். அது ஆயின் எழுத்தில் தொடங்குகிறது. எருசலேமோ யோட் எழுத்தில் தொடங்குகிறது. சங்கீதம் 119-இன் தலைப்புகளில் இவை இரண்டும் தனித்தனியே இருப்பதை நீங்களே காணலாம். தொண்டையில் பிறக்கும் ஆயினுக்குத் தமிழில் எழுத்தில்லை. யோட்டும் நம் ‘எ’-வுக்குள் மறைந்துவிட்டது. தமிழ் வடிவத்தை வைத்துப் பெயரைப் பிரித்தால் தவறு கண்ணில் படாமல் போவது இதனால்தான். எந்த ஊர்ப்பெயரானாலும் எபிரெய மெய்யெழுத்துகளை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே பிரிக்க வேண்டும்.

யோட், ரேஷ் எழுத்துகளோடு பொருந்தும் வினை ‘யாரா’: எறிதல், நாட்டுதல், அடித்தளமிடுதல். யோபு 38:6-இல் பூமியின் மூலைக்கல்லை வைப்பதற்கும், ஆதியாகமம் 31:51-இல் லாபான் தூணை நிறுத்துவதற்கும் இதே வினைதான் வருகிறது. 2 நாளாகமம் 20:16-இல் வரும் யெருவேல் வனாந்தரத்தின் பெயரும் இதே அமைப்பு: ‘ஏல் (தேவன்) நாட்டியது’. எருசலேமுக்கு இதைவிட நெருங்கிய சான்று வேதாகமத்துக்குள் கிடைப்பது கடினம். அகராதிகள் இதைக் கவனிக்காமல் விடுவது வருத்தம் தருகிறது.

இரண்டாம் பாதியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘சலேம்’ என்பதும் ‘ஷாலோம்’ (சமாதானம்) என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேரின் அடிப்படைப் பொருள் முழுமை, நிறைவு. எபிரெயத்துக்கு உறவான பழைய அக்காடிய மொழியில் சூரியன் மறைவதைக்கூட இதே வேரால்தான் சொன்னார்கள். சிரியக் கரையிலுள்ள ராஸ் ஷம்ராவில் 1929 முதல் வெளிப்பட்ட உகாரித் களிமண் பலகைகளில் ஷகர், ஷலிம் என்று இரு தெய்வங்கள் வருகின்றன. விடியலுக்கு ஒன்று, அந்திக்கு ஒன்று. கானானில் தெய்வப் பெயரோடு ஊருக்குப் பெயரிடுவது இயல்பு. பெத்ஷிமேஸ் என்ற ஊரின் பெயரில் சூரியன் (ஷெமெஷ்) இருப்பது போல. ஆகவே ‘ஷலிம் நாட்டிய இடம்’ என்பதே இன்று ஆய்வாளரிடையே வலுவாக நிற்கும் விளக்கம்.

பரிசுத்த நகரத்தின் பெயரில் கானானியத் தெய்வமா என்று தயங்க வேண்டியதில்லை. தாவீது எபூசியரிடமிருந்து அந்நகரைப் பிடித்தது ஏறத்தாழ கி.மு. 1000-இல். எகிப்தின் அமர்னாவில் கிடைத்த கடிதங்களில், அந்நகரின் ஆட்சியாளன் அப்திகெபா கி.மு. 14-ஆம் நூற்றாண்டிலேயே ‘உருசலிம்’ என்று எழுதுவிக்கிறான். அதற்கும் முன்னர், கி.மு. 19–18-ஆம் நூற்றாண்டுகளின் எகிப்திய சாப எழுத்துகளில் (பகைவரின் பெயர்களை எழுதிச் சபித்தவை) ‘ருஷலிமும்’ என்று வாசிக்கப்படும் பெயரும் இந்நகரையே குறிக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. பெயர் இஸ்ரவேலருக்கு முந்தியது. அவர்கள் அதை மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே இன்னொரு பிழையையும் தடுக்க வேண்டும். ‘உருசலிம்’ வடிவத்தைக் கண்டதும், சுமேரிய ‘உரு’வும் தமிழ் ‘ஊர்’உம் ஒன்றே, ஆகவே எருசலேம் தமிழ்ப்பெயர் என்று எழுதுவோர் உண்டு. அமர்னாப் பலகைகளில் ‘நகரம்’ என்பதற்கான குறி பெயருக்கு முன்னால் தனியாக வருகிறது. அதன்பின் உ-ரு-ச-லிம் என்று அசையசையாகப் பெயர் எழுதப்பட்டுள்ளது. இதில் ‘உரு’வை நகரம் என்று எடுத்தால் நகரம் இருமுறை வந்துவிடும். தமிழின் தொன்மைக்கு நல்ல சான்றுகள் ஏராளம் இருக்கும்போது, ஒலி ஒப்புமையை மட்டும் நம்புவது நமக்குத்தான் இழப்பு.

எழுத்துக்கூட்டல் பற்றிச் சிறிது. எபிரெய வேதாகமத்தில் இப்பெயர் 600 முறைக்கும் மேல் வருகிறது. ‘யெருஷாலயிம்’ என்ற உச்சரிப்புக்குரிய இரண்டாவது யோட் எழுதப்பட்டிருப்பது ஐந்தே இடங்களில்: எரேமியா 26:18, எஸ்தர் 2:6, 1 நாளாகமம் 3:5, 2 நாளாகமம் 25:1, 32:9. ரோமருக்கு எதிராக யூதர் எழுப்பிய கலகத்தின் முதலாம் ஆண்டு வெள்ளிக் காசில் அந்த யோட் இல்லை. அடுத்த ஆண்டுக் காசில் இருக்கிறது. ‘-அயிம்’ இரட்டையைக் குறிக்கும் விகுதி போலத் தோன்றுவதால் ‘இரட்டை நகரம்’ என்று பொருள் எழுதாதீர்கள். அது பிற்கால உச்சரிப்பு. நம் ‘எருசலேம்’ பழைய வடிவத்துக்கே நெருக்கமானது.

எபிரெயர் 7:2 ‘சாலேமின் ராஜா’ என்பதைச் சமாதானத்தின் ராஜா என்று விளக்குகிறது. சங்கீதம் 76:2 சாலேமைச் சீயோனோடு இணையாக வைக்கிறது. யூத ரபிமாரோ ஆபிரகாம் இட்ட ‘யீரே’ என்ற பெயரையும் நோவாவின் மகன் சேம் இட்ட ‘சாலேம்’ என்ற பெயரையும் தேவன் சேர்த்துவிட்டார் என்றார்கள். இவை விசுவாச மரபின் விளக்கங்கள். நீக்கச் சொல்லவில்லை, தனித் தலைப்பில் வையுங்கள். பதிவு இப்படி இருக்கலாம்:

எருசலேம்: கானானியப் பெயர்; தாவீதுக்கு முந்தியது. பெயர்ப்பொருள்: ‘ஷலிம் (அந்தித் தெய்வம்) நாட்டிய இடம்’ ஆகலாம். பழைய வடிவம்: உருசலிம், கி.மு. 14-ஆம் நூ. மரபு விளக்கம்: சமாதானத்தோடு தொடர்பு (எபி. 7:2).

நான்கு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. வினாடிவினாவின் விடைத்தாளையும் இதற்கேற்ப மாற்றிவிடுங்கள். பாடநூலைத் திருத்திவிட்டு விடைத்தாளை அப்படியே விட்டால், சரியாக எழுதிய பிள்ளைதான் மதிப்பெண்ணை இழக்கும்.