செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூன் முதல் 2025 மே வரை நம் ஆசிரியர் மன்றம் செய்த பணிகளை இங்கே முன்வைக்கிறேன்.

செயற்குழு 8 முறை கூட்டப்பட்டது. அதில் 3 முறை போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது. ஆகஸ்டில் தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சுப் பயிற்சி ஒருநாள் நடந்தது. பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை யூனிகோடுக்கு மாற்றுவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தோம். செப்டம்பர் 5 ஆசிரியர் தின விழா வழக்கம்போல் நடந்தது. மறைந்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி வகுப்பறைத் துணைத் திட்டம், அதாவது புதிய கருவியை வகுப்பில் முயலும் ஆசிரியருக்கு நம் உறுப்பினர் ஒருவர் துணையாகப் போவது. இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று சிலர் கேட்கலாம். என் நேரமும் மன்றத்தின் பணத்தில் பெரும்பகுதியும் இதில்தான் போயின. அதனால் விவரமாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

நம் பள்ளிகளில் இன்று கருவிக்குப் பெரிய பஞ்சம் இல்லை. 2018ல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019ல் கல்வி தொலைக்காட்சி வந்தது, 2023ல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி வந்தது. ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியர் கைக்கு டேப்லெட் என்று அடுத்தடுத்து வந்துவிட்டன. பயிற்சியும் நடக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது ஆசிரியர் தனியாகத்தான் நிற்கிறார். படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, 40 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி இரண்டு முறை ஆனால் மூன்றாம் முறை அவர் போர்டைத் திறப்பதில்லை. அதை அவர் குற்றமாக நான் நினைக்கவில்லை.

பயிற்சியில் விளக்குவதும் செய்துகாட்டுவதும் மட்டும் போதாது, ஆசிரியர் தம் வகுப்பில் முயலும்போது பக்கத்தில் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் 1980களிலேயே எழுதினார்கள். நாம் செய்ததும் அதுதான். அழைத்த ஆசிரியரின் வகுப்பில் நம் உறுப்பினர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்காருவார். முன்னதாக இருவரும் பேசி ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்வார்கள். பாடம் முடிந்ததும் 15 நிமிடம் பேசுவார்கள். அடுத்த வாரம் மறுபடி போவார். ஓர் ஆசிரியருக்கு 4 முறை.

ஒரு கணித டீச்சரின் ஒன்பதாம் வகுப்பைச் சொல்கிறேன். 22 வருட அனுபவம் உள்ளவர். நம் கணக்குப் புத்தகத்தில் பாடக் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கிறதல்லவா, அதை அவர் ஒருமுறைகூட நடத்தியதில்லை. செங்கோட்டு மையம், அதாவது முக்கோணத்தின் முனைகளிலிருந்து எதிர்ப் பக்கங்களுக்கு வரையும் குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி, எடுக்கும் அன்று ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணம் வரைந்து, முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். குறுங்கோணமாக இருந்தபோது புள்ளி உள்ளே நின்றது. விரிகோணமானதும் வெளியே போய்விட்டது. பிள்ளைகள் ‘ஓ’ என்றார்கள், அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் நான் குறை எதுவும் சொல்லவில்லை. “இன்று அந்த முனையை எத்தனை பிள்ளைகள் தொட்டார்கள் டீச்சர்?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நான்தான் சார் ஆறு தடவையும் இழுத்தேன்” என்றார்.

அடுத்த வாரம் அதே பாடத்தைப் பக்கத்துப் பிரிவில் எடுத்தார். போர்டைத் தொடும் முன்பே, கோணம் சரியாக 90 பாகை ஆனால் புள்ளி எங்கே இருக்கும் என்று நோட்டில் குறிக்கச் சொன்னார். பாதிப் பேர் நடுவில் குறித்திருந்தார்கள். ஒரு பெண் முன்னால் வந்து மெதுவாக இழுத்தாள். புள்ளி செங்கோணம் இருந்த முனையிலேயே போய் உட்கார்ந்தது. ஏன் என்று வகுப்பே கேட்டது. டீச்சர் பதில் சொல்வதற்குள் ஒரு பையன், “அந்த ரெண்டு பக்கமே குத்துக்கோடுதானே டீச்சர்” என்றான். நான் 31 வருடம் பாடம் நடத்தியவன். அந்த நிமிடத்துக்காக இன்னும் 31 பள்ளிக்கு நடப்பேன்.

ஸ்மார்ட் போர்டு இல்லாத ஒரு பள்ளியில் பிளிக்கர்ஸ் அட்டை முயன்றோம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு காகித அட்டை, அதை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தால் போதும். கேமராவைக் காட்டியதும் யார் எதைச் சொன்னார்கள் என்று வந்துவிடும். முதல் முறை நாங்கள் அட்டைகளை லேமினேட் செய்து எடுத்துப் போனோம். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததில் போன் பாதி அட்டையைப் படிக்கவில்லை. அது நம் தவறு. மறுவாரம் சாதாரணக் கெட்டி அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தோம், சரியாகிவிட்டது. பேசவே மாட்டாத பிள்ளைகள் தப்பான விடையைப் பயமில்லாமல் தூக்கிக் காட்டியதை அந்த ஆசிரியர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் திட்டம் வேவு பார்ப்பது போல இருக்கிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. வருத்தமாக இருந்தது. பார்த்ததை எழுதிய தாள் அந்த ஆசிரியரிடமே கொடுக்கப்பட்டது. தலைமையாசிரியருக்கோ அதிகாரிக்கோ ஒரு வரிகூடப் போகவில்லை. மதிப்பெண் போட்டிருந்தால் யாரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லாமல் விட முடியாது: ஜூன் கூட்டத்தில் 14 பேர் துணைக்குப் போகிறேன் என்று பெயர் கொடுத்தீர்கள். டிசம்பருக்குள் 5 பேர் ஆனோம். பணியில் இருப்பவர்கள் தற்செயல் விடுப்பு எடுத்துத்தான் இன்னொரு பள்ளிக்குப் போக முடியும். அது எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் மன்றத்தில் ஓய்வு பெற்றவர்கள் 19 பேர் இருக்கிறோம். முதல் நாள் இரவு வரை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் போனை எடுக்காமல் இருந்தால் அங்கே ஓர் ஆசிரியர் பாடத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்கிறார். அப்படி மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தாவும் சிறு நன்கொடைகளும் வரவு. அட்டை அச்சு, ஹெச்டிஎம்ஐ கேபிள், ஸ்பீக்கர், பஸ் செலவு ஆகியவை முக்கியச் செலவு. கையிருப்பு சிறு தொகைதான். ஆண்டுச் சந்தா 200 ரூபாய்; 64 உறுப்பினரில் 27 பேர் கட்டியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் என் சொந்த ஆசைக்கு வாங்கியது என்று சொன்னவர்களும் மீதி 37 பேரில் இருக்கிறார்கள். அது மன்றத்தின் அலமாரியில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

கதவு திறந்த தலைமையாசிரியர்களுக்கும், மாதக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த நூலகத்துக்கும், கூடவே நடந்த நான்கு நண்பர்களுக்கும், கணக்கைச் சரியாக வைத்த பொருளாளருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் 12 ஆசிரியர்களுக்குத் துணை போக வேண்டும் என்பது என் விருப்பம். இருக்கிற 5 பேரால் 6 ஆசிரியருக்கு மேல் முடியாது. இதை ஒளித்துப் பயனில்லை. மாதத்துக்கு ஒரு முற்பகல் கொடுக்க 5 பேர் வந்தால் போதும். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வகுப்பைக் கவனித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பணியில் இருப்பவர்கள் மாலையில் போனில் அரை மணி நேரம் பேசினாலும் பெரிய உதவி.

மார்ச் மாதத்திலிருந்து நான்கு ஆசிரியர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஓர் அறிவியல் ஆசிரியர் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, “எங்க பள்ளிக்கு எப்ப சார்?” என்று கேட்கிறார். பெயர் எழுத வேண்டிய நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்