ஜாக்கி மேல் நின்ற ஊர்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போன வாரம் நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமா, இல்லை, வந்த விலைக்கு விற்றுவிடலாமா?" என்று கேட்டீர்கள். நாங்கள் அப்போது ஆர்.வி.க்குள் இருந்தோம். கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்கு மறுநாள் நான் பார்த்த ஊர் உங்கள் கேள்விக்கே பதில் வைத்திருந்தது. வெள்ளம் புகுகிற வீட்டை வைத்துக்கொண்டு, சென்னையில் உங்கள் முடிச்சூரில் மட்டுமா, வேளச்சேரியிலும் வரதராஜபுரத்திலும் இதே கேள்வியோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆர்.வி. என்றால், படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்குமே கேரவன், அது மாதிரி. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். டல்லாஸிலிருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, டெக்சாஸின் தென்கிழக்கில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி இருக்கும் கால்வெஸ்டன் தீவுக்குப் போனோம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை வண்டியைச் சமமாக நிறுத்துவது. நான்கு மூலையிலும் ஜாக்கி இருக்கிறது. சமமாக நிற்காவிட்டால் ஃபிரிட்ஜ்கூடச் சரியாக வேலை செய்யாது. உங்கள் பேரன் கையில் ரசமட்டத்தைக் கொடுத்தோம். தாத்தா வீடு கட்டும்போது கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். குமிழி நடுவுக்கு வரும்வரை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

இரவு பதினோரு மணிக்கு எல்லோருடைய போனும் ஒன்றாக அலறியது. கடும் இடிமழை, பலத்த காற்று என்று எச்சரிக்கை. உங்கள் மாப்பிள்ளை வெளியே ஓடி வெயில் மறைப்பைச் சுருட்டி உள்ளே தள்ளினார். வண்டி தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. அந்த மாதிரிக் காற்றில் ஆர்.வி.க்குள் இருக்கவே கூடாது, கெட்டியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, முகாமின் பொதுக் குளியலறைக் கட்டடத்துக்கு ஓடினோம். அங்கே ஏற்கெனவே நான்கைந்து குடும்பங்கள் தரையில் உட்கார்ந்திருந்தன. ஒரு மணி நேரம் போல இருந்தோம். எனக்கு 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. நீங்களும் பெரியம்மாவும் மாடியில் இருந்துகொண்டு, கீழே ஹாலில் ஃபிரிட்ஜ் மிதக்கிறது என்று போனில் சொன்னீர்களே, அப்புறம் இரண்டு நாள் போனே கிடைக்கவில்லையே, அந்த இரண்டு நாளும்தான்.

காலையில் காற்று அடங்கிவிட்டது, மழை விடவில்லை. கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு மழைக்கோட்டோடு ஊருக்குள் நடந்தோம். நடக்க ஆரம்பித்த இடத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. ரோட்டில் விழுந்த மழைத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும் கடலுக்குப் போகவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடியது! ஏனென்று புரிந்துகொள்ள அன்று முழுக்க ஆனது எனக்கு.

1900 செப்டம்பர் 8 அன்று இந்த ஊரைப் புயல் அடித்தது. அப்போது தீவின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு. கடல் ஏறி வந்ததோ 15 அடிக்கு மேல். சுமார் 37,000 பேர் வாழ்ந்த ஊரில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள், 8,000 என்றும் சொல்கிறார்கள். இன்றுவரை அமெரிக்காவில் இவ்வளவு உயிரைக் குடித்த இயற்கைப் பேரிடர் வேறில்லை. மிஞ்சியவர்கள் ஊரைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் மூன்று பொறியாளர்களைக் கூப்பிட்டார்கள். முதலில் 17 அடி உயரத்தில் கடல் சுவர். 1902-ல் தொடங்கி 1904-க்குள் மூன்று மைலுக்கு மேல் கட்டிவிட்டார்கள். நாங்கள் வண்டியை நிறுத்தியது அந்தச் சுவரின் தலையில்தான். ஆனால் சுவரோடு அவர்கள் நிற்கவில்லை, பெரியப்பா. சுவருக்குப் பின்னால் இருந்த ஊரையே தூக்கினார்கள்! வீடு, கடை, கோயில் என்று 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கியில் ஏற்றினார்கள். அப்புறம் கால்வாய் வெட்டி, மணல் கலந்த சேற்றைக் குழாய் வழியாக அடியில் பாய்ச்சி நிரப்பினார்கள். தண்ணீர்க் குழாய், டிராம் தண்டவாளம் எல்லாமும் கூடவே மேலே வந்தன. ஜனங்கள் வருஷக்கணக்கில் பலகைப் பாலங்கள்மேல் நடந்தார்கள். தோட்டமும் மரமும் உப்புச் சேற்றில் செத்துப்போயின. வேலை முடிய 1911 ஆனது. சுவரை ஒட்டி உயரமாகவும், ஊரின் பின்பக்க விரிகுடாவை நோக்கிச் சரிவாகவும் நிரப்பினார்கள். காலையில் தண்ணீர் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடியதன் காரணம் இதுதான்.

புனித பேட்ரிக் தேவாலயத்தைப் போய்ப் பார்த்தோம். 3,000 டன் எடை. 700 ஜாக்கி வைத்து 5 அடி தூக்கியிருக்கிறார்கள். மழையில் அதன் முன்னால் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முந்தின நாள் நான்கு ஜாக்கியில் ஒரு வண்டியைச் சமமாக நிறுத்த நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அங்கே பிராட்வே என்ற தெருவில் ஆஷ்டன் வில்லா என்று ஒரு பழைய மாளிகை. அதன் இரும்பு வேலி குட்டையாக இருக்கிறது. "குழந்தைகளுக்காகக் கட்டின வேலியா அம்மா?" என்று உங்கள் பேரன் கேட்டான். இல்லை, அந்த வீட்டைத் தூக்கவில்லை. சுற்றிலும் தரை உயர்ந்ததில் வேலியின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. குனிந்து அந்தக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டு கேட்டும் இப்படித்தானே ஆகியிருக்கிறது! சின்ன வயதில் நான்கு படி ஏறி உங்கள் வீட்டுக்குள் வந்தவள் நான். போன தடவை ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கி வந்தேன். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு வந்த வினை.

கால்வெஸ்டனுக்கு இனி வெள்ளமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1915-ல் வந்த பெரும்புயலில் சுவர் ஊரைக் காப்பாற்றியது. 2008-ல் ஐக் புயலின்போது தண்ணீர் பின்பக்க விரிகுடா வழியாக வந்துவிட்டது. தாழ்ந்த பக்கம் அதுதானே. ஸ்ட்ராண்ட் கடைத்தெருவின் சுவர்களில் அந்த மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். என் தலைக்கு மேலே இருக்கிறது. நாங்கள் போன அன்றும் அந்தத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

இனி உங்கள் கேள்வி. விற்க வேண்டாம், பெரியப்பா. தூக்குங்கள். ஆனால் தனியாகத் தூக்காதீர்கள்.

கால்வெஸ்டனில் வீட்டைத் தூக்கும் செலவு அவரவர் தலையில்தான் விழுந்தது. ஆனால் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சரிவு என்பதை ஊர் மொத்தத்துக்கும் ஒன்றாக முடிவு செய்தார்கள். மண் நிரப்பும் செலவு அரசுப் பணத்தில் நடந்தது. நம் தெருவில் கையில் காசு இருப்பவர் தூக்குகிறார். அவர் வாசலிலிருந்து வழியும் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகிறது. நீங்கள் நான்கு அடி ஏறிவிட்டால் எதிர்வீட்டு டெய்லர் அக்கா என்ன செய்வார்? 2015-ல் மாடிக்கு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தானே. தூக்குகிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே மட்டத்தைப் பேசுங்கள். வடிகால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும், பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்பதையும் தெருவே கையெழுத்துப் போட்டுக் கேட்கட்டும்.

தூக்குகிற ஆட்களிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்துச் சுவர்களையும் அஸ்திவாரத்தையும் காட்டுங்கள். அந்தச் செலவு என்னுடையது. சம்ப், கழிவுநீர்த் தொட்டி இரண்டையும் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். பெரியம்மாவுக்குக் கைப்பிடி வைத்த தாழ்வான படிகள் வேண்டும், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஹால் சுவரில் நாங்கள் வளர வளர எங்கள் உயரத்தைக் குறித்து வைத்திருந்தீர்கள். அதன் பக்கத்தில் பெரியம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டு "2015" என்று எழுதினார். வெள்ளை அடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னார். அந்தக் கோட்டுக்கும் இப்போதைய ரோட்டுக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்து அனுப்புங்கள். சனிக்கிழமை காலை உங்கள் நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். டெய்லர் அக்காவையும் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாப்பா