போத்தலில் நேரத்தையும் எழுதுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வேலை செய்யும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் பெரியம்மாவுக்கு மார்பில் இருந்த கட்டியை எடுத்தார்கள். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. எடுத்த கட்டியை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, "கொழும்பில குடுத்து றிப்போட் எடுத்து வாங்கோ" என்று என்னிடம் தந்தார்கள். கீறாத முழுக் கட்டி. இழையத்தைப் பதப்படுத்தும் ஃபோமலின் திரவம் பாதிக்குத்தான் நின்றது. லேபலில் பெயரும் வயதும் இருந்தன, நேரம் இல்லை. ஞாயிறு இரவு பஸ்ஸில் அதைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வளைவுகளில் சாயும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் சரி என்றுதான் நினைத்தேன்.

றிப்போட் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் இழையம் சரியாகப் பதப்படாததால் எந்த மருந்து உதவும் என்று காட்டும் ஏற்பிப் புரதங்கள் பற்றி முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். கட்டி முழுவதையும் எடுத்தாயிற்று, திரும்பச் சோதிக்க வேறொன்றும் இல்லை.

அப்புறம்தான் தேடி வாசித்தேன். மார்புப் புற்றுநோயில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், கலங்களின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். வேகமாகப் பரவும் வகை அது. அந்தப் புரதத்தையே போய்ப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, அந்தப் பெண்களின் நிலை எவ்வளவோ மாறியது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருப்பவர்களுக்குத் தமொக்சிபென் மாத்திரை உதவும். ஆய்வுகூடத்தில் சாயமேற்றி, கலத்தின் ஓரம் எவ்வளவு மண்ணிறமாகிறது என்று பார்த்து ஹெர்-2க்கு 0 முதல் 3 வரை புள்ளியிடுகிறார்கள். என் பெரியம்மாவுக்கு அந்தப் புள்ளி கிடைக்கவேயில்லை.

இரத்த ஓட்டம் நின்றதும் புரதங்கள் சிதையத் தொடங்கிவிடும். ஃபோமலின் அதைத் தடுக்கும், ஆனால் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டியைக் கீறி, நிறைய ஃபோமலினில் போட்டு, 6 முதல் 72 மணித்தியாலம் ஊறவிட வேண்டும் என்பது அதனால்தான். கட்டி முழுதாக எடுபட்டதா என்று அதன் ஓரங்களையும் பார்க்க வேண்டியிருப்பதால் கண்டபடி கீற முடியாது என்பது தெரியும். உங்கள் நோயியல் நிபுணரிடம் கேட்டு ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் இரண்டு இடம் விடுங்கள்: கட்டியை எடுத்த நேரம், ஃபோமலினில் போட்ட நேரம். உறவினர் கையில் கொடுப்பதென்றால், எத்தனை மணிக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். எனக்குச் சொல்லியிருந்தால் அந்த வெள்ளி பகல் பஸ்ஸையே பிடித்திருப்பேன்.

ஆரையம்பதியிலிருந்து,
ஒரு பெறாமகன்