அமரரான தாத்தாவும் மூன்று கணினிகளும்

ஆசிரியருக்கு,

கும்பகோணத்தில் சிறு அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. கடையில் இரண்டு கணினிகள், வீட்டில் ஒன்று. பென் டிரைவும் கையுமாக அலைந்ததில், போன ஆவணியில் திருத்தாத பழைய கோப்பு அச்சேறிவிட்டது. திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் தாத்தா, பத்திரிகையில் ‘அமரர்’ ஆகிவிட்டார்! ஐந்நூறு பத்திரிகைகளையும் என் செலவில் மறுபடி அடித்தேன்.

கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதிலும் ஜிமெயில் பங்கு கேட்கும். எனவே, ஒரு ஃபோல்டரை மூன்று கணினிகளிலும் தானாகவே ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க்திங் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். கோப்புகள் நம் கணினிகளில் மட்டுமே இருக்கும்; ஆனால் அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். வடிவமைக்கும் அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “இந்த ஃபோல்டரிலேயே சேமியுங்கள். நான் வீட்டுக்குப் போய் போன் செய்யும்வரை கணினியை அணைக்காதீர்கள்.” வேறு எதையும் அவர் தொடுவதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி அதில் உண்டு. நாமாகத்தான் அதை இயக்க வேண்டும். தங்கள் கணினிப் பகுதியில் அதைப் படத்தோடு விளக்கினால் என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு உதவும்.

- ஓர் அச்சக உரிமையாளர், கும்பகோணம்