இணைப்பு தர முடியாதென்றால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி வட்டத்தில் ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். அரசின் ‘அனைவருக்கும் இ-சேவை’ திட்டத்தில் அனுமதி வாங்கி, கணினி, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என்று தேவையானதெல்லாம் கடன்பட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். இணையத்துக்கான ஃபைபர் லைன் (கண்ணாடி இழைக் கம்பி) மட்டும் வரவில்லை. கேட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. என் கடை ஒன்றுக்காக மட்டும் இதை எழுதவில்லை. இந்தப் பக்கம் பல ஊர்களில் இதே நிலைமைதான். அதோடு, இந்தத் தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இப்போது எனக்குப் பிடிபட்டிருக்கிறது.

லைன் இல்லாமல் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடை ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் கணினியை ஓட்டுகிறேன். காலையில் ஓரளவு ஓடும். அப்புறம் சுற்றத் தொடங்கிவிடும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். போன மாதம் விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்துக்கு இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளை உறுதி செய்வது) போட ஒரு பெரியவர் வந்தார். காலமெல்லாம் தேங்காய் உரித்த கை, ரேகை தேய்ந்து கிடக்கிறது. கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி வைத்து ஒருவழியாக ரேகை பதிந்தது. அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சரி, ஓடிபி வழியாகப் போடலாம் என்றால், ஆதாரில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனுடைய நம்பர். அந்தப் பையன் பனியன் கம்பெனியில் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நம்பரைப் படித்துச் சொன்னான். நான் அடித்து முடித்துப் பக்கம் நகர்வதற்குள் ஓடிபி நேரம் முடிந்துவிட்டது. வேலை நேரத்தில் அவனை எத்தனை தடவைதான் வெளியே கூப்பிடுவது? வருடத்துக்கு 6,000 ரூபாய், தவணைக்கு 2,000 ரூபாயாக மூன்று முறை வருகிற பணம் அது. உரத்துக்கும் கூலிக்கும் அதை நம்பியிருக்கும் மனிதரிடம் “நெட் இல்லை, நாளைக்கு வாங்க ஐயா” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொல்லித்தான் அனுப்பினேன்.

பிள்ளைகள் பாடு இதைவிட மோசம். பொறியியல் கலந்தாய்வு 2018-ல் ஆன்லைனுக்கு மாறியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்க் காத்திருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யக் கொடுப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் சர்வரும் திணறும், எங்கள் டவரும் திணறும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று 60 ரூபாய்க்கு ஊரிலேயே முடிய வேண்டிய வேலைக்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவும் பிள்ளையுமாக டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

எங்கள் ஊருக்குக் கம்பியே வந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். முன்பு எங்கள் தெருவில் லேண்ட்லைன் இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தென்னையும் மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் இரவு பகலாக நின்று எங்களுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர் சோறு போட்டு அனுப்பியது, இன்றைக்கும் மறக்கவில்லை. டெலிபோன் செப்புக் கம்பி மட்டும் அன்று போனதுதான், திரும்பி வரவே இல்லை. இனி ஃபைபர்தான் வரும் என்றார்கள். சரி, நல்லதுதானே என்று நாங்களும் காத்திருந்தோம்.

கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் பகுதி. மேலே திறந்த தண்ணீர் நமக்கு என்றைக்கு எட்டும் என்று பார்த்துக் காத்திருந்தே பழகியவர்கள் நாங்கள். ஃபைபரும் அதேபோல முக்குரோடு வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து என் கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்.

நான் லைன் கேட்ட நிறுவனத்தின் ஒப்பந்த ஆள் வந்து பார்த்தார். தன்மையான பையன், அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். “லைன் போட்டாத்தான் அக்கா நம்பர் வரும்” என்றார். அதற்குப் பிறகு போன் செய்யும்போதெல்லாம் ஒரு பதில். முக்குரோட்டில் லைன் பிரியும் பெட்டியில் போர்ட், அதாவது லைன் செருகும் இடம், காலி இல்லை. அப்புறம் கேபிள் ஸ்டாக் இல்லை. அப்புறம், பத்து வீடு சேர்ந்தால் பார்க்கலாம் என்றார். பத்து வீட்டுக்கு மேலேயே சேர்த்தோம். கடைசியில் “உங்க ஊருக்கு ஃபீசிபிள் இல்லன்னு மேல சொல்லிட்டாங்க அக்கா” என்று, அதாவது சாத்தியமில்லை என்று, முடித்துவிட்டார்.

இதை நான் அப்படியே விட்டுவிடத் தயாராக இல்லை. வீடுகளுக்கு ஃபைபர் தரும் இந்த முறையில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வரை இணைப்புக் கொடுக்க முடியும். ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பெட்டி நிரம்பிவிட்டது என்றால் இன்னொரு பெட்டி வைக்கக் காசு செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். தென்னந்தோப்பு வழியாக மரத்துக்கு மரம் கேபிளைக் கட்டினால் மட்டை விழுந்து அறுந்துகொண்டே இருக்கும், ஆகவே குழி தோண்டித்தான் போட வேண்டும். அதற்கும் காசு வேண்டும். செலவு கட்டுப்படியாகாது என்பது ஒரு நியாயமான காரணம்தான். அதை வெளிப்படையாகச் சொன்னால், பாதியை ஊர் போடுமா, அரசு போடுமா என்று உட்கார்ந்து பேசலாம். செய்யவே முடியாத வேலை என்று வாய்வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டால் யாரிடம் போய்ப் பேசுவது?

கல்லூரியில் படிக்கும் என் மகன் விதிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006-லேயே பிராட்பேண்ட் இணைப்பை 15 வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தொழில்நுட்ப ரீதியில் சாத்தியம் இருந்தால் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. 2024-ல் இதற்குப் பதிலாகப் புதிய தர விதிகள் வந்தன. விதி பழையதோ புதியதோ, விண்ணப்பம் பதிவானால்தானே நாள் எண்ண முடியும்? பதிவே செய்யாமல் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு போனால், கணக்கில் தாமதம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. நான் வாடிக்கையாளரும் இல்லை, விண்ணப்பதாரரும் இல்லை. புகார் போடப் போனால் முதலில் வாடிக்கையாளர் எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, சாலையோரம் கேபிள் பதிக்க அனுமதி கேட்கும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு வழித்தட விதிகள் வகுத்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிகளில், அதிகாரிகள் குறித்த காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. அந்தக் கெடுவில் ஒரு பங்கை லைன் கேட்டு நிற்கும் எங்களுக்கும் கொடுக்கலாமே.

கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. பிறகு அது பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் கழகத்திடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் பாரத்நெட்டை விரிவாக்க 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஊராட்சி அலுவலகம் வரைக்கும் கொண்டுவரப் பொதுப்பணம் இவ்வளவு போகும்போது, அதற்கு அப்பால் உள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை யார் போடுவது, எப்போது போடுவது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றமும் ஒரு மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும், லைன் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே தேதியோடு ஒரு பதிவு எண் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் என்ன காரணம், எந்தப் பெட்டி, எவ்வளவு தூரம், என்ன செய்தால் முடியும் என்பதை எழுத்தில் தர வேண்டும். அந்தப் பதிவுகளை ஊர்வாரியாக டிராய் கேட்டு வாங்க வேண்டும். மாவட்ட ஆட்சியரும் பார்க்கும்படி இருந்தால், எந்த ஊருக்கு அரசு கை கொடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் லைன் வேண்டும் என்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று என் கடையில் தயாராக இருக்கிறது. பெற்றுக்கொண்டோம் என்று தேதி போட்டு முத்திரை குத்தித் தரும் அலுவலகம் எது என்று சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால், மறுநாளே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்