இந்த வருஷமும் இளவரசிதான், அக்கா

அக்கா,

இந்த மாசக் கடைசியில் என் மகளுக்கு ஆறு வயசு முடிகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "போன தடவை மாதிரியே. ஆனா அரண்மனை இன்னும் பெருசா" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் நீ இரண்டு நிமிஷம் பேசாமல் இருப்பாய். அந்த மௌனத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஊர் பார்க்க எழுதுகிறாயே என்பாய். ஊர் பார்க்கத்தானே நீயும் கேட்டாய்?

போன வருஷம் அவளுடைய இளவரசி பிறந்தநாளுக்கு வந்திருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். மாமாவும் படிப்பார். அதனால் சமையலறையில் நாம் பேசிக்கொண்டது அங்கேயே இருக்கட்டும். பச்சைப் பாவாடை விஷயத்தையும் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. போதும்.

அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தவள் நீ. அந்த நீல கவுனைப் போட்டதும் அவள் இடுப்பைச் சொறிய ஆரம்பித்துவிட்டாள். உள்ளே நெட் துணி, தையல் ஓரமெல்லாம் முள் மாதிரி. நீ அவளை நிற்க வைத்து, கவுனை உள்பக்கமாகத் திருப்பி, ஒரு பழைய பருத்தி உள்பாவாடையை வெட்டி லைனிங் கொடுத்தாய். பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே, "இதத் தைக்கிறவனுக்கெல்லாம் பொம்பளப் புள்ளயே கெடயாதா?" என்று திட்டினாய். கிரீடத்தின் சீப்புப் பற்கள் காதுக்குப் பின்னால் கீறுகின்றன என்று ரிப்பன் சுற்றிக் கொடுத்ததும் நீதான். அன்று உனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல நீ விட்டால்தானே.

நான் பலூனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாதாரண ரப்பர் பலூனில் ஹீலியம் அடைத்தால் பாதி நாளிலிருந்து ஒரு நாள்தான் மிதக்கும். ராத்திரியே அடைத்து வைத்ததில் சாயங்காலத்துக்குள் பாதிப் பலூன்கள் தரைக்கு வந்துவிட்டன. வெடித்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கியதும் நீ. எட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் வாயில் போட்டால் மூச்சடைத்துவிடும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது, இங்கே யாராவது படித்தீர்களா என்று என்னையும் சேர்த்துத்தான் கேட்டாய். இவ்வளவும் செய்த ஆள், சாயங்காலம் ஏன் அப்படிக் கேட்டாய்?

அவள் வாசலில் நின்றிருந்தாள். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் நான் வெட்டிய கோட்டை வாசல், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். அம்மாவை விட மாட்டேன் என்று ஒரு பொடியன் அழுதான். தன் கிரீடத்தைக் கழற்றி அவன் தலையில் வைத்து, அழுகை நின்றதும் திரும்ப வாங்கிக்கொண்டாள். நீ அதைப் பார்க்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கேக் வெட்டுவதற்கு முன்னால், எல்லோரும் சுற்றி நிற்க, "இளவரசி என்ன வேலை பாப்பா?" என்று கேட்டாய்.

அவள் யோசித்தாள். "வர்றவங்கள உள்ள வாங்கன்னு சொல்லுவா. யாராச்சும் அழுதா கிரீடம் குடுப்பா."

"அவ்ளோதானா? சம்பளம் எவ்ளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கிரீடத்தைக் கழற்றி உன்னிடம் நீட்டினாள். நீ அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். உன் முகத்தில் அவள் என்னத்தைப் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

ராத்திரி நீ அனுப்பிய செய்தியில் இருந்ததெல்லாம் சரியான தகவல்தான். 2016ல் சாரா காய்ன் என்கிற அமெரிக்க ஆய்வாளரின் குழு 198 சின்னப் பிள்ளைகளைக் கவனித்தது உண்மை. இளவரசி மோகம் கூடுதலாக இருந்தவர்கள், ஒரு வருஷம் கழித்துப் பெண்பிள்ளை என்றால் இப்படித்தான் என்கிற வழக்கங்களில் கூடுதலாக ஒட்டிக்கொண்டார்கள் என்று சொன்னதும் உண்மை. ஆனால் காய்ன் குழுவே 2021ல் வெளியிட்டதை நீ அனுப்பவில்லை. பிள்ளைகள் பத்து வயசை எட்டியபோது பார்த்ததில், சின்ன வயசில் இளவரசி விளையாட்டில் மூழ்கியவர்களிடம் பெண்களைப் பற்றி இன்னும் முற்போக்கான எண்ணங்கள்தான் இருந்தன. உனக்கு அது தெரியாமல் இருந்திருக்கும். தெரிந்தே விட்டிருந்தால், சரி, அதையும் விடு.

இன்னொன்று. இந்த இளவரசிக் கூட்டமே டிஸ்னி கம்பெனி கல்லா கட்டச் சேர்த்தது என்றாய். வெவ்வேறு படத்து நாயகிகளை ஒரே பெயரில் கோத்து விற்க ஆரம்பித்தது 2000 வாக்கில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த யோசனை எப்படி வந்ததாம்? ஆண்டி மூனி என்கிற அதிகாரி ஒரு பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போனபோது, சின்னப் பெண்கள் கம்பெனி சரக்கு எதுவும் இல்லாமலே இளவரசி வேஷத்தில் வந்து நின்றதைப் பார்த்தாராம். பிள்ளைகளின் ஆசை முதலில் வந்தது. விலைச்சீட்டு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. நம்மவள் கேட்ட நீல கவுன்காரி, 'ஃப்ரோசன்' படத்து எல்சா, அந்த அதிகாரப்பூர்வ வரிசையிலேயே இல்லை. அவளிடம் இதைச் சொல்லிவிடாதே, அழுதே தீர்த்துவிடுவாள்.

உன் கோபம் முழுக்கத் தப்பு என்று சொல்ல வரவில்லை. சிண்ட்ரெல்லா கதையில் வருகிற கண்ணாடிச் செருப்பு தேடும் ஆட்டத்தை நான் வைத்தபோது, ஒரு சிறுமி காலைச் சுருக்கிச் சுருக்கி நுழைத்ததைப் பார்த்து உனக்கு எரிந்ததே, எனக்கும் எரிந்தது. அதற்காக ஐந்து வயசுப் பிள்ளைகளை உட்கார வைத்து, கிரிம் சகோதரர்கள் எழுதிய சிண்ட்ரெல்லா கதையில் ஒரு அக்காள் கால் கட்டைவிரலை வெட்டினாள், இன்னொருத்தி குதிகாலை வெட்டினாள் என்று சொல்லியிருக்க வேண்டாம். மூன்று அம்மாக்கள் என்னைத்தான் பிடித்தார்கள். 1697ல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியதில் சிண்ட்ரெல்லா தன் அக்காமாரை மன்னித்துக் கூடவே அரண்மனைக்குக் கூட்டிப்போகிறாள். அதைச் சொல்லியிருக்கலாமே. எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனசு இல்லை என்பது வேறு விஷயம்.

செருப்பு ஆட்டம் இந்தத் தடவை கிடையாது. மினுமினுப்புத் தூளும் கிடையாது. அது அவ்வளவும் பிளாஸ்டிக், தரை இடுக்கிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கவுனுக்குள் லெக்கிங்ஸ் போட்டு ஓட விடப்போகிறேன். இதெல்லாம் நீ சொன்னதால் செய்வது அல்ல. நீ சொல்லியிருக்காவிட்டால் தோன்றியிருக்குமா என்றும் தெரியவில்லை.

யார் யாருக்கு என்ன வேஷம் என்று அவளே பட்டியல் போட்டிருக்கிறாள். நீ டிராகன். ஏன் என்று கேட்டேன். "அத்தைக்குத்தான் நல்லா கத்த வரும்" என்றாள். வாலுக்குப் பச்சைத் துணிதான் வேண்டுமாம். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

வருவதென்றால் காலையிலேயே வா. போன வருஷக் கவுன் இடுப்பில் ஏறவில்லை, பிரித்துத் தைக்க வேண்டும். அவளிடம் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள். ஆனால் அவள் பதில் சொல்லி முடித்த பிறகு "அவ்ளோதானா" என்று மட்டும் கேட்காதே. வரவில்லையென்றால் அதை நீயே அவளிடம் போனில் சொல்லிவிடு. உனக்காக நான் காரணம் சொல்லப்போவதில்லை.

தம்பி